ஆட்டுக் கொட்டிலும் சிறுத்தையும்: சுருக்கு வைக்காமல் என்ன செய்யலாம்?

#1 வடலி

பூநகரி, முழங்காவில், வெள்ளாங்குளம் பக்கம் ஆட்டுப்பட்டி வைச்சிருக்கிற ஆக்களுக்கும், யாழ்ப்பாணத்தில இருந்து காசு போட்டு அங்கை பட்டி நடத்திற ஆக்களுக்கும் பொதுவான கேள்விகள் இவை. ஒரு மறி காணாமல்போனால் உடனை வாற யோசினை ரெண்டு. மோட்டச்சைக்கிள் கிளச் கேபிளில சுருக்கு வைக்கிறது ஒண்டு, செத்த ஆட்டில நஞ்சைத் தடவிப் போடுறது மற்றது. ரெண்டும் வேண்டாம் எண்ட முடிவோடதான் இந்த இழையைத் துவங்கிறன். அதில விவாதம் வேண்டாம்.

கேக்கிறது இதுகள்தான்: பிடிச்சது உண்மையில சிறுத்தைதானோ எண்டு எப்பிடிக் கண்டுபிடிக்கிறது? பத்து ஆட்டுக்குக் கொட்டில் அடிக்கிறதெண்டால் என்ன அளவு, என்ன சாமான்? பக்கத்து வளவில பண்டிக்கு வைச்ச சுருக்கில சிறுத்தை மாட்டிக் கிடந்தால் முதல் ஒரு மணித்தியாலம் என்ன செய்யிறது?

தலைப்பில "புலி" எண்ட சொல்லைப் போடேல்லை. ஏனெண்டு இஞ்ச ஆருக்கும் விளக்கத் தேவையில்லை.

#2 கட்டுக்கரை

முதல் கேள்விதான் முக்கியம். வன்னியில "சிறுத்தை பிடிச்ச ஆடு" எண்டு சொல்லுறதில நல்ல பங்கு நாய் பிடிச்சது. குளத்தங்கரையில எண்டால் முதலை. சின்னக் குட்டி சத்தமில்லாமல் காணாமல்போனால் மலைப்பாம்பையும் நினைக்க வேணும்.

உடல் கிடைச்சால் முதலில கழுத்தைப் பாருங்கோ. சிறுத்தை பொதுவா தொண்டையைக் கவ்வி மூச்சை அடைச்சுக் கொல்லும். வெளியில ரெண்டு மூண்டு துளைதான் தெரியும், மயிருக்குள்ள அதுவும் மறைஞ்சுபோகும். அதாலை கழுத்துத் தோலைக் கத்தியால விலக்கிப் பாக்க வேணும். தோலுக்கு அடியில இரத்தம் கட்டி நீலமாக் கிடந்தால் உயிரோட இருக்கேக்க கடிச்சது. துளை இருந்தும் இரத்தம் கட்டேல்லை எண்டால், வேறை ஏதாலோ செத்த ஆட்டைப் பேந்து வந்து தின்டிருக்கு. துளைக்கும் துளைக்கும் உள்ள இடைவெளியை அளந்து தீர்ப்புச் சொல்லாதேங்கோ, பெரிய நாயின்ரை பல்லும் கிட்டத்தட்ட அந்தளவுதான் வரும்.

நாய் எண்டால் பின்தொடை, வால்மூலம், காது, மடி எல்லாம் கிழிஞ்சிருக்கும். ஒரு இரவில ஐஞ்சாறு ஆடு காயப்பட்டு, ஒண்டையும் ஒழுங்காத் தின்னாமல் கிடந்தால் நாய்க்கூட்டம் எண்டே நினையுங்கோ. ஆனால் ஒண்டு: பூட்டின கொட்டிலுக்குள்ள சிறுத்தை இறங்கினாலும் பல ஆடு சாகும். ஓட வழியில்லாமல் ஆடு சுத்திச் சுத்தி ஓட, அது அடிச்சுக்கொண்டே இருக்கும். அப்ப கழுத்துக் காயத்தை வைச்சுத்தான் பிரிச்சறியலாம்.

காலடி: நாய்க்கு நகத்தின்ரை குத்து விரல் முன்னுக்குத் தெரியும், சிறுத்தை நகத்தை உள்ள இழுத்து நடக்கும். அதைவிட நம்பக்கூடியது உள்ளங்கால் மெத்தையின்ரை பின் விளிம்பு. சிறுத்தைக்கு அதில மூண்டு மடிப்பு வடிவாத் தெரியும். வளந்த சிறுத்தையின்ரை முன்கால் தடம் 7 தொடக்கம் 10 சென்ரிமீற்றர் அகலம். காய்ஞ்ச மணலில தடம் சரிஞ்சு பெருக்கும், பூனைத்தடம்கூடப் பயங்கரமாத் தெரியும். ஈரச் சேத்தில உள்ளதை அளவுங்கோ. சேறு வழுக்கினால் சிறுத்தையும் நகத்தைக் குத்தும் எண்டதையும் மறக்காதேங்கோ.

எச்சம் எண்டால், பாதை நடுவில, துண்டு துண்டா முறுக்கி, மயிர் நிறைஞ்சு கிடக்கும். எலும்பு கனக்கத் தின்டதெண்டால் காய்ஞ்ச பிறகு வெள்ளையாப் போகும்.

#3 மழைக்குருவி

//சிறுத்தை பிடிச்ச ஆடு எண்டு சொல்லுறதில நல்ல பங்கு நாய்//

இதோட இன்னுமொண்டு. "தென்மராட்சிக்குள்ள சிறுத்தை வந்திட்டுது" எண்டு வட்ஸ்அப்பில சுத்துற படங்களில கிடக்கிறது அநேகமா மீன்பிடிப் பூனை. கடல்நீரேரிக் கரை, கண்டல், தரவை எல்லாம் அதுக்கு வீடு. இலங்கையில காட்டுப் பூனையினம் நாலு: சிறுத்தை, மீன்பிடிப் பூனை, காட்டுப்பூனை, துருப்புள்ளிப் பூனை. கடைசி ஆள் உலகத்திலயே ஆகச் சின்னப் பூனையளில ஒண்டு, ஒண்டரைக் கிலோவைத் தாண்டிறது அரிது.

படத்தில வாலைப் பாருங்கோ. சிறுத்தையின்ரை வால் உடம்பு நீளத்துக்குக் கிட்ட வரும், நுனி மேல வளைஞ்சிருக்கும். மீன்பிடிப் பூனைக்கு வால் கட்டை, உடம்பில பாதிக்கும் குறைவு. அதின்ரை புள்ளி நிரல்நிரலா நீளப்பாட்டில ஓடும். சிறுத்தைக்கு உடம்பில இருக்கிறது தனிப் புள்ளி இல்லை, உடைஞ்ச வளையங்கள். எங்கடை சிறுத்தையில ஆண் சராசரி 56 கிலோ, பெண் 29 கிலோ அளவு. மீன்பிடிப் பூனை பத்துக் கிலோ சொச்சத்தோட நிண்டிடும். பக்கத்தில கதியாலோ பனங்குத்தியோ இருந்தால் ஒப்பிட்டாலே போதும்.

மீன்பிடிப் பூனை கோழியைத் தூக்கும், ஆட்டுக்குட்டியைக்கூட முயற்சி செய்யலாம். வளந்த கிடாயைக் கொல்லாது.

#4 தச்சன்பட்டறை

கொட்டிலுக்கு வாறன். கொஞ்சம் நீளம், பொறுத்து வாசியுங்கோ.

ஒரு ஆட்டுக்கு 12 சதுர அடி எண்டு வைச்சால் பத்து ஆட்டுக்கு 10 அடிக்கு 12 அடி. உயரம் 7 அடி. சுத்தளவு 44 அடி. சுவர் வலை 44 தர 7, அது 308 சதுர அடி. கூரை வலை 120. நிலத்துக்கு அடியில ஒரு அடி தாக்கிறதுக்கு 44. மொத்தம் 472. வெட்டுச் சேதத்தோட 500 சதுர அடி எடுங்கோ.

வலை: 10ஆம் இலக்கக் கம்பியில பின்னின ரெண்டங்குலக் கண்ணுள்ள சங்கிலிப்பின்னல் வலை. 10ஆம் இலக்கம் எண்டால் மூண்டே கால் மில்லிமீற்றர் தடிப்பு. 12ஆம் இலக்கம் மலிவு, ஆனால் தடிப்பு 2.6 மில்லிமீற்றர்தான், துருப்பிடிச்சால் ரெண்டு மாரிக்குப் பிறகு நகத்துக்கு இளகும். கோழிக்கூட்டு வலை ஒருக்காலும் வேண்டாம். அது கோழியை உள்ள வைச்சிருக்கச் செய்தது, வெளியில நிக்கிற மிருகத்தைத் தடுக்க இல்லை.

தூண்: நாலு மூலைக்கு நாலு, ஒவ்வொரு பக்க நடுவிலையும் ஒண்டு, கதவுக்கு மேலதிகமா ஒண்டு, ஆக ஒன்பது. நீளம் 9 அடி, அதில 2 அடி நிலத்துக்குள்ள, அடியில கொங்கிறீற். வைரம் பாஞ்ச பனஞ்சிலாகை கிடைச்சால் சீமெந்துத் தூணுக்கு இளைச்சதில்லை. ஆனால் மண்ணுக்குள்ள போற பகுதிக்குத் தார் பூசாட்டி கறையான் விடாது.

எல்லாரும் பிழைவிடுற இடம் கூரை. "ஏழடி மதில், ஏறாது" எண்டு நினைக்கினம். சிறுத்தை நிண்ட நிலையில பத்தடி உயரம் எழும்பும், மரம் ஏறும். மேல திறந்த கொட்டில் அதுக்கு வாசல் திறந்த சாப்பாட்டுக் கடை மாதிரி. கூரைக்கும் அதே வலை, 12 அடி நீளத்துக்குக் குறுக்கால மூண்டு அடிக்கு ஒண்டா மூண்டு ஒண்டரை அங்குலக் குழாய். குழாய் இல்லாட்டி வலை தொய்யும். தொய்ஞ்ச இடத்தில ஏறி நிண்டால் சுவர் வலையோட சேருற கட்டு பிரியும். அந்தச் சேர்வைதான் ஆகப் பலவீனமான இடம். 16ஆம் இலக்கக் கட்டுக்கம்பியால ஆறங்குலத்துக்கு ஒரு கட்டு, கட்டின முனையை உள்ளுக்கு மடிச்சுவிடுங்கோ. மழைக்குக் கிடுகோ தகரமோ வலைக்கு மேலதான் வர வேணும். வலைக்குப் பதிலா இல்லை.

கதவு: ஒன்றே கால் அங்குலக் கோண (L வடிவ) இரும்புச் சட்டம், வெளிப்பக்கமாத் திறக்க வேணும். வெளியில இருந்து தள்ளினால் சட்டத்தோட இன்னும் இறுகும். உள்ளுக்குத் திறக்கிற கதவை நெஞ்சால தள்ளினால் கொண்டி வளையும். மேல ஒரு தாழ்ப்பாள், கீழ ஒரு தாழ்ப்பாள். கயித்தால கட்டிற கதை வேண்டாம். கதவுக்கு அடியில மூண்டங்குலத்துக்கு மேல இடைவெளி இருக்கக்கூடாது.

இன்னுமொண்டு, ஆரும் யோசிக்காதது. வலையோட ஒட்டிப் படுக்கிற ஆட்டைச் சிறுத்தை வெளியில நிண்டே நகத்தை விட்டு இழுக்கப் பாக்கும். உள்ள வராட்டியும் காதும் மூக்கும் கிழியும். அதாலை உள்பக்கமா நிலத்தில இருந்து ரெண்டடி உயரத்துக்குப் பலகை அடியுங்கோ. பனம்பலகை போதும். பரண் கொட்டில் எண்டால் பரணுக்குக் கீழயும் நாலு பக்கமும் வலை வேணும், இல்லாட்டி அடியில புகுந்து பலகை இடுக்கால காலைப் பிடிக்கும்.

#5 ஒரு_கமக்காரன்

தச்சன்பட்டறை அண்ணை, கணக்கு வடிவாத்தான் இருக்கு. 500 சதுர அடி வலை, ஒன்பது தூண், வெல்டிங் கூலி. பத்து ஆட்டின்ரை பெறுமதியில எத்தினை பங்கு அதுக்குப் போகும் எண்டு சொல்லேல்லையே. வன்னியில ஆடு வளர்க்கிறவன்ரை வீட்டுக்கே சில இடத்தில ஒழுங்கான கதவு இல்லை.

#6 தச்சன்பட்டறை

நியாயம் தம்பி. முழுக்கச் செய்ய ஏலாட்டி எதை விடலாம், எதை விடக்கூடாது எண்டு சொல்லுறன். சுவருக்கு வலைக்குப் பதிலா நெருக்கி நட்ட கதியால் போடலாம், ரெண்டங்குலத்துக்கு மேல இடைவெளி இல்லாமல், குறுக்கால மூண்டு வரிச்சுக் கட்டி. கிளுவையோ சீமைக்கிளுவையோ, காசில்லை. கூரை வலையையும் கதவையும் மட்டும் விடாதேங்கோ. அப்ப 120 சதுர அடி வலைதான் காசு. கதியால் வேலியை வருஷத்துக்கு ரெண்டு தரம் பாத்து, பட்டுப்போன கதியாலை மாத்த வேணும்.

மாடு எண்டால் கொட்டிலுக்குள்ள அடக்க ஏலாது. கன்டை மட்டும் இரவில அடையுங்கோ, பெரிய மாடு தன்னைப் பாத்துக்கொள்ளும். யால எல்லையில பட்டிக்காரருக்குக் குடுத்ததும் கழட்டிப் பூட்டுற இரும்புப் பட்டிதான். மேய்ச்சல் இடம் மாற அதையும் கழட்டிக் கொண்டு போகலாம்.

#7 கட்டுக்கரை

கொட்டிலோட சேத்து: பொழுதுபட முதல் உள்ள, வெளிச்சம் நல்லா வந்தாப் பிறகு வெளியில. கொட்டிலைச் சுத்தி 20 மீற்றருக்குப் பத்தை வெட்டுங்கோ. சிறுத்தை ஓடிப் பிடிக்கிற மிருகம் இல்லை, பதுங்கிக் கிட்ட வந்து பாயிறது. பதுங்க இடம் இல்லாட்டி பெரும்பாலும் விட்டிட்டுப் போகும். செத்த ஆடு, கழிவுக்குடல் எல்லாத்தையும் ஆழப் புதையுங்கோ.

காவலுக்கு நாயைக் கட்டிவைக்கிறது நல்லதில்லை. கட்டின நாய் சிறுத்தைக்கு இரை. நாய் வேணுமெண்டால் அதையும் இரவில கொட்டிலுக்குள்ள விடுங்கோ, குரைச்சுக் காட்டினால் போதும். விட்டுவிட்டு மின்னுற சோலர் லைற்றுகள் கொஞ்ச நாளைக்கு வேலை செய்யும். ஒரே கதியாலில மாசக்கணக்கில தொங்கினால் சிறுத்தை பழகிவிடும், மூண்டு நாலு நாளைக்கு ஒருக்கா இடம் மாத்துங்கோ.

#8 ஒரு_கமக்காரன்

சரி, ஆட்டை விடுங்கோ. கச்சானுக்கும் மரவள்ளிக்கும் என்ன செய்யிறது? சுருக்கு வைக்கிறவன் சிறுத்தைக்கு வைக்கேல்லை. ஒரே இரவில ஒரு ஏக்கர் கச்சானைப் பண்டி கிண்டிவிட்டுப் போகும். அதுக்கு ஆர் பொறுப்பு? 2009க்குப் பிறகு திரும்பி வந்து காணி துப்புரவாக்கினால் எல்லைக்கல், பண்டி வந்தால் பொறுமை, சிறுத்தை வந்தால் பாதுகாப்பு. கமக்காரனுக்கு மட்டும் ஒண்டுமில்லை.

சிறுத்தையைப் பிடிச்சு வில்பத்துவில கொண்டுபோய் விட்டால் என்ன?

#9 கால்நடை

ரெண்டாவது கேள்விக்கு முதல் பதில். பிடிச்சு இன்னொரு காட்டில விட்டால், அங்கை ஏற்கெனவே இடம் பிடிச்சிருக்கிற ஆண் அடிக்கும். இல்லாட்டி புது இடம் தெரியாமல் ஊர் எல்லைக்கு வந்து அங்கை ஆடு பிடிக்கும். இஞ்சை காலியான இடத்துக்கு இன்னொரு இளம் சிறுத்தை வரும். தாயை விட்டுப் பிரிஞ்ச, ஒண்டரை இரண்டு வயசு இளம் ஆண்கள்தான் ஊருக்குள்ள அலையிறது கூட. அனுபவப்பட்ட ஒரு சிறுத்தை தன்ரை எல்லையில மானும் மரையும் பிடிச்சுக்கொண்டு நிக்கிறது உங்களுக்குத்தான் லாபம்.

இப்ப சுருக்கு. இலங்கையில சிறுத்தை சாகிற காரணங்களில முதல் இடம் இதுக்குத்தான். துவக்கோ நஞ்சோ இதுக்குப் பிறகுதான். எப்பிடிக் கொல்லுது எண்டு விளங்கினால் தடுக்கிறதும் விளங்கும்.

கிளச் கேபிள் பல இழை முறுக்கின உருக்குக் கம்பி. ஒரு முனையில வளையம், மற்ற முனை மரத்திலயோ வேலிக் கதியாலிலயோ. வேலியில பண்டி நுழையிற பொட்டுக்கு நேரே, பண்டியின்ரை தலை உயரத்தில தொங்கவிடுவினம். சிறுத்தையும் அதே பொட்டாலதான் நுழையும், குனிஞ்சு. அதின்ரை தலை சின்னன், வளையத்துக்குள்ளால போயிடும், தோளும் போயிடும். இடுப்பில வந்து இறுகும். பண்டி எண்டால் கழுத்தில இறுகிக் கெதியாச் செத்துப்போகும். சிறுத்தை இடுப்பில மாட்டினால் மணித்தியாலக்கணக்கில இழுத்துச் சுத்தும். கேபிள் தோலை வெட்டி, தசையை வெட்டி, உள்ள குடலுக்கும் சிறுநீரகத்துக்கும் போற இரத்தத்தை நிறுத்தும்.

வெளியில காயம் பெரிசில்லை எண்டாலும் பிழைக்கும் எண்டில்லை. அளவுக்கு மிஞ்சி இழுத்ததில தசை சிதைஞ்சு, அதில இருந்து வாற புரதம் இரத்தத்தில கலந்து சிறுநீரகத்தை அடைக்கும். சிறுநீர் தேயிலைச் சாய நிறத்தில போகும். எழும்பி நடந்த மிருகம்கூட நாலைஞ்சு நாளில சாகிறது இதாலதான். 2020 மே மாதம் நல்லதண்ணியில சுருக்கில பட்ட கருஞ்சிறுத்தையை உடவளவைக்குக் கொண்டுபோய் வைத்தியம் பாத்தும் சில நாளில செத்துப்போச்சு. அந்த இனத்தில கறுப்பு நிறம் எவ்வளவு அரிது எண்டால், அதுக்குக் கொஞ்சக் காலம் முதல்தான் வனசீவராசிகள் திணைக்களக் கமெராவில கருஞ்சிறுத்தை உயிரோட பதிவாகியிருந்தது.

கட்டுத்துவக்கும் (கயிறு தட்டுப்பட்டால் தானா வெடிக்கிற துவக்கு) பண்டி வெடியும் (இரைக்குள்ள வைச்சு, கடிச்சால் வெடிக்கிறது) இதே மாதிரித்தான். எதுவும் ஆளைப் பாத்து வெடிக்கிறதில்லை. விறகுக்குப் போற மனிசரையும் சேத்து.

#10 மழைக்குருவி

கமக்காரன் அண்ணை கேட்ட "ஆர் பொறுப்பு" எண்ட கேள்விக்கு ஒரு பகுதிப் பதில் யாழ்ப்பாணத்துச் சமையலறையில கிடக்கு. எல்லாச் சுருக்கும் கச்சானைக் காக்க வைக்கிறது எண்டில்லை. பண்டி இறைச்சிக்கும் மரை வத்தலுக்கும் ஆனையிறவுக்கு இஞ்சால உள்ள கிராக்கிக்கு வைக்கிறது ஒரு பங்கு. "வன்னியில இருந்து வந்தது" எண்டு சொல்லிக் கலியாண வீட்டுக்கு முதல்நாள் இரவு சட்டியில ஏறுற இறைச்சி எப்பிடிப் பிடிபட்டது எண்டு ஆரும் கேக்கிறதில்லை. பயிருக்கு வைச்ச சுருக்கு வேலிப் பொட்டில இருக்கும். இறைச்சிக்கு வைச்சது காட்டுக்குள்ள, தண்ணிக்குப் போற பாதையில, வரிசையா இருக்கும்.

இதில இரட்டை அடி. மானும் மரையும் பண்டியும் சுருக்கில போனால் சிறுத்தைக்கு இரை குறையும். இரை குறைஞ்சால் கொட்டில். கொட்டிலுக்கு வந்தால் இன்னொரு சுருக்கு.

#11 தச்சன்பட்டறை

பண்டிக்கு வேலி எண்டால் சோலர் மின்வேலி. மின்சாரசபை வயரை நேரே கம்பிக்குக் குடுக்கிற ஆக்கள் இருக்கினம். அது வேலியில்லை, கொலை. வேலிக்கெண்டு வாற மின்னூட்டி செக்கனுக்கு ஒருக்காத்தான், கணநேரம், 5,000 தொடக்கம் 8,000 வோல்ற் அடிக்கும். ஒரு அடியில போற மின்சக்தி மிகக் குறைவு. அடி விழுந்த மிருகம் கையை எடுக்க இடைவெளி கிடைக்கும். வீட்டு மின்சாரத்தில அந்த இடைவெளி இல்லை, பிடிச்ச பிடியிலயே போயிடும்.

பண்டிக்கு மூண்டு கம்பி: நிலத்தில இருந்து 20, 45, 70 சென்ரிமீற்றர். முக்கியமானது ஆகக் கீழ் உள்ளது, பண்டி மூக்கால கிண்டி வாற உயரம் அதுதான். மூக்கில பட்டால் திரும்பும். முதுகில பட்டால் மயிரும் சேறும் தடுத்துவிடும், பிச்சுக்கொண்டு உள்ள போயிடும்.

வேலி வேலை செய்யேல்லை எண்டு வாற முறைப்பாட்டில பெரும்பாலானது நிலத்தொடுப்பு (ஏர்த்) பிழை. ஆறடி நாகமுலாம் கம்பி மூண்டை, ஒண்டுக்கொண்டு பத்தடி தள்ளி, முழுக்க அடிச்சு இறக்க வேணும். கொங்கிறீற் கம்பித் துண்டு ஒண்டை ஒண்டரை அடிக்குக் குத்திவிட்டு "சோலர் சரியில்லை" எண்டு சொல்லுறதில பிரியோசனம் இல்லை. பூநகரி மணலில ஆடி ஆவணி வரண்டால் மூண்டு கம்பியும் காணாது. அப்ப நடுக் கம்பியை நிலத்தொடுப்போட இணைச்சு, மேலையும் கீழையும் மட்டும் மின் விடுங்கோ. நடுக் கம்பியையும் மின் உள்ள கம்பி ஒண்டையும் ஒண்டாத் தொடுற மிருகத்துக்கு மண் காய்ஞ்சாலும் அடி விழும்.

ஐப்பசி தொடக்கம் மார்கழி வரை எதிர்ப்பக்கப் பிரச்சினை. புல் வளந்து கீழ்க் கம்பியைத் தொட்டால் வோல்ற் வடியும். கிழமைக்கு ஒருக்காப் புல்லு வெட்ட வேணும். வோல்ற்மானியில 3,000க்குக் கீழ காட்டினால் பண்டி கணக்கெடுக்காது. வேலியில ஆக்கள் பாக்கத்தக்க மஞ்சள் பலகை தொங்கவிடுறது மறக்கக்கூடாது.

#12 வடலி

//கீழ் உள்ளது, பண்டி மூக்கால கிண்டி வாற உயரம்//

இது நல்ல விளக்கம். நாலைஞ்சு காணிக்காரர் சேந்து ஒரு மின்னூட்டியைப் போட்டால் கமக்காரன் அண்ணையின்ரை செலவுக் கேள்விக்கும் கொஞ்சம் மறுமொழி கிடைக்கும். மூண்டாவது கேள்வி இன்னும் நிக்குது: உயிரோட மாட்டின சிறுத்தை.

#13 கால்நடை

முதல் வேலை 1992க்கு அடிக்கிறது. வனசீவராசிகள் திணைக்கள அவசர இலக்கம். ஆர் சொல்லுறது, எந்த இடம், எந்த வீதியால வரலாம் எண்டதோட மூண்டு விசயம் சொல்லுங்கோ: கம்பி எங்கை இறுகியிருக்கு, கழுத்தா, இடுப்பா, காலா; மற்ற முனை எதில கட்டியிருக்கு, அது பிடுங்குப்படுமா; எப்ப கண்டது. இந்த மூண்டையும் வைச்சுத்தான் மிருக வைத்தியர் என்ன ஆயத்தத்தோட வாறது எண்டு தீர்மானிப்பார்.

ரெண்டாவது, ஆக்களைத் தூரத்தில நிப்பாட்டுறது. குறைஞ்சது 100 மீற்றர், சிறுத்தைக்குத் தெரியாத பக்கத்தில. இது இரக்கத்துக்குச் சொல்லுறதில்லை, வேதியியலுக்குச் சொல்லுறது. பயந்து துடிக்கிற மிருகத்துக்கு மயக்க ஊசி சரியா ஏறாது. அமைதியா இருந்தால் பத்துப் பதினைஞ்சு நிமிசத்தில சாயும். சுத்தி நிண்டு கூக்குரலிட்டால் அதே அளவு மருந்தில அரைமயக்கமா எழும்பிப் பாயும். மருந்தைக் கூட்டினால் மூச்சு நிக்கும். ஒவ்வொரு சத்தத்துக்கும் அது கம்பியை இழுக்கும், தசைச் சிதைவும் கூடும்.

தண்ணி எறியிறது, சாக்குப் போடுறது, கம்பியை வெட்டப் போறது ஒண்டும் வேண்டாம். கேபிளில பாதி இழை அறுந்திருந்தாலும் உங்களுக்குத் தெரியாது. கிட்டப் போன கணத்தில மிச்சம் அறுந்தால் அது ஓடுற திசையில நீங்கள்தான் நிப்பியள்.

#14 கட்டுக்கரை

கட்டில்லாமல் ஊருக்குள்ள வந்த சிறுத்தைக்கும் இதே கதைதான். 2018 ஜூனில கிளிநொச்சி அம்பாள்குளத்தில நடந்ததை எல்லாரும் வீடியோவில பாத்திருப்பியள். காயப்பட்ட ஆக்களில வனசீவராசிகள் அலுவலரும் ஒருத்தர். கடைசியில பொல்லால அடிச்சுக் கொண்டிட்டினம், பேந்து கைதுகளும் நடந்தது. அடிச்ச ஆக்களை மட்டும் குறை சொல்லி முடிக்கிற விசயமில்லை. ஆனால் சிறுத்தை தானா மனிசரைத் தேடிப் பாயிறது மிக அரிது. 1924இல புணாணையில சுட்டுக்கொண்ட ஆட்கொல்லிச் சிறுத்தையை நூறு வருஷம் கழிச்சும் கதைக்கிறம் எண்டால், வேறை சொல்லக் கதை இல்லை எண்டதுதான் காரணம். பாயிறது வளைச்சுக் கட்டினால், தப்ப வழி இல்லாட்டி, குட்டி இருந்தால்.

அதாலை ஒரு பக்கம் திறந்துவிடுங்கோ. காட்டுப் பக்கமா உள்ள பக்கத்தில ஒருத்தரும் நிக்கக்கூடாது. நாயளைக் கட்டுங்கோ. பகலில ஒரு பத்தைக்குள்ள படுத்திட்டுது எண்டால் அதை எழுப்பத் தேவையே இல்லை, இருட்டினால் தானே போயிடும். நேரே சந்திச்சால் முதுகைக் காட்டி ஓடாதேங்கோ, குந்தாதேங்கோ. முகத்தைக் காட்டிக்கொண்டு மெல்லப் பின்னால நடவுங்கோ. சின்னப் பிள்ளை கூட இருந்தால் தூக்குங்கோ.

குட்டி கண்டால் தொடக்கூடாது. ஒரு ஈத்தில பெரும்பாலும் ரெண்டு குட்டி. தாய் இரை தேடப் போயிருக்கும், இரவில வந்து வேறை இடத்துக்குக் கவ்விக்கொண்டு போகும். அந்தப் பக்கம் ரெண்டு நாளைக்கு வேலையை நிப்பாட்டினால் போதும். குட்டியைத் தூக்கி வீட்டுக்குக் கொண்டுவந்தால் தாய் தேடி ஊருக்குள்ள வரும், குட்டியும் திரும்பக் காட்டுக்குப் போக ஏலாததா வளரும்.

#15 மழைக்குருவி

கமெரா வைச்சுப் பாக்க ஆசைப்படுற ஆக்களுக்குச் சுருக்கமா. சொந்தக் காணியில வைக்கலாம். மடு வீதித் தேசியப் பூங்கா, சுண்டிக்குளம் மாதிரி ஒதுக்குப் பிரதேசத்துக்குள்ளயும் வனத் திணைக்களக் காட்டுக்குள்ளயும் அனுமதி இல்லாமல் வைக்க ஏலாது. முகமாலைப் பக்கமோ கண்ணிவெடி எச்சரிக்கைப் பலகை உள்ள எந்த இடத்திலயோ பாதையை விட்டு இறங்கிற கதையே வேண்டாம்.

உயரம் முழங்காலளவு, 40 தொடக்கம் 50 சென்ரிமீற்றர். ஒத்தையடிப் பாதையில இருந்து மூண்டு நாலு மீற்றர் தள்ளி. கிழக்கு மேற்கு நோக்கி வைச்சால் வெயில் நேரே அடிச்சு வெறும் படமா நிறையும், வடக்கோ தெற்கோ நோக்குங்கோ. முன்னால அசையிற புல்லு, கொப்பு எல்லாம் வெட்டுங்கோ. பாதையின்ரை ரெண்டு பக்கமும் ஒவ்வொண்டு வேணும், ஏனெண்டால் சிறுத்தையின்ரை இடப்பக்க வளையங்களும் வலப்பக்க வளையங்களும் ஒண்டில்லை. ஒருக்கா இடப்பக்கமும் இன்னொருக்கா வலப்பக்கமும் மட்டும் படத்தில விழுந்தால் ஒரு ஆளை ரெண்டா எண்ணிவிடுவியள். ரெண்டையும் நேருக்கு நேரே வைக்காமல் கொஞ்சம் விலத்தி வையுங்கோ, ஒண்டின்ரை பிளாஷ் மற்றதின்ரை படத்தைக் கெடுக்கும்.

ஆனி ஆடியில மத்தியானம் படம் விழேல்லை எண்டு கமெராவைக் கழட்டி அடிக்க வேண்டாம். அதில உள்ள உணரி மிருகத்தின்ரை சூட்டுக்கும் சூழலின்ரை சூட்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பிடிக்கிறது. வெளியிலயும் 37 பாகை எண்டால் அதுக்கு மிருகம் தெரியாது. இரவுப் படத்தைத்தான் நம்ப வேணும். பெட்டிக்குள்ள சிலிக்கா ஜெல் பை ஒண்டு, எறும்பு புகாமல் விளிம்பில கிறீஸ்.

படம் கிடைச்சால் முகநூலில இடத்தோட போடாதேங்கோ. "இந்தக் குளத்தடியில நிக்குது" எண்டு நீங்கள் எழுதுறதை முதல் வாசிக்கிறது சுருக்கு வைக்கிறவன்.

#16 ஒரு_கமக்காரன்

மின்வேலிக் கணக்கு எடுத்திட்டன். அஞ்சு காணி சேருது. ஒரு கேள்வி: காணி துப்புரவாக்கேக்க பழைய சுருக்குக் கம்பியள் கிடக்குது, ஆர் வைச்சதெண்டு தெரியாது. கழட்டினால் எங்களைத்தான் பிடிப்பாங்களோ?

#17 கட்டுக்கரை

கழட்ட முதல் கிடக்கிறபடியே படம் எடுங்கோ, இடம் தெரியத்தக்கதா. கிராம அலுவலருக்கோ கிட்டடி வனசீவராசிகள் அலுவலகத்துக்கோ சொல்லிப்போட்டுக் கழட்டுங்கோ. வெறும் கையால வேண்டாம், சில சுருக்கு வளைச்சுக் கட்டின தடியோட இருக்கும், விட்டால் முகத்தில அடிக்கும். முதல் தடியை வெட்டி இழுவையை விடுவியுங்கோ, பேந்து கம்பி. வேலிப் பொட்டு மட்டும் பாத்தால் போதாது. ஒண்டு கண்டால் அதே வேலியில ரெண்டு பக்கமும் ஐம்பது மீற்றர் நடந்து பாருங்கோ, தனியா ஒண்டு வைக்கிறது குறைவு. எடுத்த கம்பியை முழுசா வீசாதேங்கோ, நாளைக்கு வேறை ஒருத்தர் பொறுக்கிக் கொண்டுபோவார். ஒரு முழத் துண்டுகளா வெட்டிவிடுங்கோ.